கூச்சம்

தண்ணீருக்குள் விட்ட கால்களை மீன்கள் வந்து மொய்த்துவிட்டன என்பதை வசந்தாமணி கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கறுத்து மெலிந்த பொடி மீன்கள். கண்ணாடித் தொட்டியின் மூலைகளிலிருந்து சிதறி ஓடிவந்து குதிகாலிலும் விரல் இடுக்கிலும் வாயை ஒட்டவைத்துக்கொண்டு வாலை மட்டும் ஆட்டின. பக்கத்தில் மகள் தாரணி, "ஐயோ அம்மா, ஐயோ, என்னால முடியாது" என்று காலைத் தூக்குகிறாள், சொட்டச் சொட்ட அந்தரத்தில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், மறுபடி நனைக்கிறாள், மறுபடி தூக்குகிறாள். எதிர்ப்பலகையில் கல்யாணப் புதுசு மாறாத ஒரு பெண் புருஷனுடைய சட்டைக்கையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறுகிறாள். எல்லாருக்கும் என்னவோ நடக்கிறது. தனக்கும் நடக்கும், கொஞ்சம் நேரம் பிடிக்கும்போல என்று வசந்தாமணி காத்திருந்தாள். தண்ணீர் சில்லென்று இருப்பதால் கால் விறைத்திருக்கும், பழகியதும் தெரியும். தண்ணீர் சில்லென்று இருக்கிறதா? தாரணி முதலில் காலை வைத்ததும் "யப்பா, ஐசு" என்றாள். அப்படியானால் சில்லென்றுதான் இருக்க வேண்டும். வசந்தாமணி குனிந்து, சேலைக் கொசுவத்தைச் சரிசெய்வதுபோல, விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டாள். சில்லென்றுதான் இருந்தது. கை சொன்னது. கால் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த மீனுக்காக யாரும் வீட்டிலிருந்து கிளம்பவில்லை. அடுத்த வாரம் தாரணி மேல்படிப்புக்கு ஜெர்மனி போகிறாள்; குளிருக்கு உடுப்பும் பெரிய பெட்டியும் வாங்க வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே திருப்பூரில் பஸ் ஏறிக் கோயமுத்தூர் வந்தார்கள். இந்த மாலில் எல்லாம் வாங்கிச் சாப்பிட்டும் முடித்தாயிற்று. நகரும் படிக்கட்டில் ஏறும்போது வசந்தாமணி குனிந்து குனிந்து தன் காலையே பார்ப்பதைக் கண்டு, பயப்படுகிறாள் என்று தாரணி கையைப் பிடித்துக்கொண்டாள். பயம்தான். ஆனால் படியைப் பார்த்து அல்ல. படியில் கால் பதிந்துவிட்டதா என்று கண் சொன்னால்தான் அடுத்த காலை எடுக்க முடியும், அது மகளுக்குத் தெரியாது. மேலே வந்ததும், செத்த தோலைத் தின்று பாதத்தைச் சுத்தமாக்கும் இந்த மீன்தொட்டியைத் தாரணி பார்த்துவிட்டாள். "வாம்மா. பனியன் கம்பெனியில நின்னு நின்னு தேஞ்ச காலு. நான் போறதுக்குள்ள அதுக்கொரு மரியாதை பண்ணோணும்." மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மீனைப் பார்த்தால் அருவருப்பு, வயசுக்கு இதெல்லாம் எதற்கு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எத்தனையோ இருந்தன. ஆனால் இவள் இப்படிக் கையைப் பிடித்து இழுத்து எவ்வளவு காலம் ஆகிறது. போன பிறகு எப்போது இழுக்கப் போகிறாள். இழுத்த இழுப்புக்கு வசந்தாமணி போனாள்.

அங்கே நீலச் சட்டை போட்ட ஒரு பெண் நின்றாள். எங்கோ வடகிழக்கிலிருந்து வந்தவள், தமிழைக் கடித்துக் கடித்துப் பேசினாள். "ஆண்ட்டி, கால்ல காயம் இருக்கா? சுகர் இருக்கா? சுகர் இருந்தா வேண்டாம்." தினமும் நூறு பேரிடம் கேட்கிற கேள்வி, கண் வேறெங்கோ இருந்தது. தாரணிதான் பதில் சொன்னாள். "முன்னாடி இருந்துச்சுங்க. இப்ப நார்மலுக்கு வந்திருச்சு. வந்திருச்சில்லம்மா?" "வந்திருச்சு கண்ணு" என்றாள் வசந்தாமணி. அந்தப் பொய்க்கு வயசு இருக்கிறது. தாரணியின் அப்பா சென்னியப்பன் செத்துப்போன வருஷம் அது பிறந்தது. தாரணி அப்போது ஹாஸ்டலில் இருந்தாள். அப்பனை இழந்த பிள்ளை, போனை எடுத்தால் முதலில் கேட்பது "சாப்டியா", அடுத்துக் கேட்பது "சுகர் பாத்தியா". பார்க்கவில்லை. ரத்தம் கொடுத்துப் பார்க்கும் அளவுக்கு அந்த நாட்களில் தன்மேல் தனக்கு அக்கறை இல்லை. "பாத்தேன், நார்மல்" என்று ஒரு நாள் சொன்னாள். அந்தப் பக்கம் தாரணி விட்ட பெருமூச்சு காதில் சூடாக விழுந்தது. அவ்வளவு நிம்மதியைக் கொடுக்கிற சொல்லை எப்படித் திரும்பப் பிடுங்குவது. அடுத்த மாதமும் நார்மல். அதற்கடுத்தும் நார்மல். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கிப் போட்டாள்; சில வாரம் போட்டாள், சில வாரம் மறந்தாள்.

கால் போனது எப்போது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒரே நாளில் போகவில்லை. விளக்கை அணைத்ததுபோல் போயிருந்தால் கூப்பாடு போட்டிருப்பாள். முதலில் சுண்டுவிரல் பக்கம் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. பிறகு எரிச்சல், கால் இரண்டையும் யாரோ மிளகாய் அரைத்த கையால் நீவிவிட்டதைப்போல. அந்த எரிச்சல் இருந்தவரை அதைத் திட்டினாள். ஒரு நாள் அது நின்றுபோனது, நின்றதும் சந்தோஷப்பட்டாள். அதன்பிறகு மதமதப்பு. தரையில் நடந்தால் பஞ்சுமூட்டை மேல் நடப்பதுபோல. கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கிற வேலை. குவித்துப் போட்ட பனியன்களை ஒவ்வொன்றாக விரித்து, இரண்டு பக்கமும் கையால் நீவி, ஊசி விட்டுப்போன கோட்டையும் கண்ணுக்குத் தெரியாத பொத்தலையும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அவள் கைக்குத் தப்பி ஒரு பொத்தல் போனதில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். சேர்ந்து நிற்கிற பெண்கள் சாயங்காலமானால் "காலு கடுக்குதக்கா, செத்துருவேன் போல" என்று சுவரில் சாய்வார்கள். வசந்தாமணிக்குக் கடுக்காது. "உங்களுக்கு இரும்புக் காலுங்க்கா" என்பார்கள். அதையும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டாள். போன மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒரு அம்மாள் பின்னாலிருந்து ஓடிவந்து தோளைத் தொட்டு, "ஏனுங்க, உங்க செருப்பு ஒண்ணு அங்கயே கெடக்குதுங்க" என்றாள். திரும்பிப் பார்த்தால் வெகு தூரத்தில், சேற்றில், தன் செருப்பு. அவ்வளவு தூரம் ஒரு கால் வெறுங்காலாக வந்திருக்கிறது, அதை ஒருத்தி சொல்ல வேண்டியிருக்கிறது. "வாரு அறுந்திருச்சுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். வார் அறுந்திருக்கவில்லை.

"உனக்குக் கூசலியாம்மா?" என்று தாரணி கேட்டாள். கேட்டுவிட்டு முகத்தையே பார்த்தாள். வசந்தாமணி அரைக் கணம் தாமதித்து, "ஸ்ஸ்... கூசுது கண்ணு, கூசாம என்ன" என்று தோளைக் குலுக்கிச் சிரித்தாள். எதிரே இருந்த புதுப்பெண் எப்படிச் செய்கிறாளோ அப்படி. அவள் பல்லைக் கடித்தால் இவளும் பல்லைக் கடித்தாள். அவள் முட்டியைச் சேர்த்தால் இவளும் சேர்த்தாள். சிரிப்பதற்கு ஆள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலம் என்று ஒரு புறம் தோன்றியது. இன்னொரு புறம், சரியாகச் செய்கிறோமா, கூச்சம் என்றால் இப்படித்தானா, இல்லை அதிகமாகிவிட்டதா என்ற கவலை. கூச்சம் எப்படி இருக்கும்? வலியை நினைவுபடுத்திக்கொள்ள முடிகிறது, பிரசவ வலியைக்கூட இப்போது கண்ணை மூடினால் ஓரளவு கூட்டிவந்துவிடலாம். கூச்சத்தைக் கூப்பிட்டால் வருவதில்லை. ஒரு காலத்தில் எவ்வளவு இருந்தது! தாரணி வயிற்றில் இருந்தபோது கால் இரண்டும் பூசணிக்காய்போல வீங்கிக் கிடந்தன. சென்னியப்பன் விளக்கெண்ணெயைக் காய்ச்சி எடுத்துவந்து, ஆம்பளை பொம்பளைக் காலைப் பிடிக்கலாமா என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல், பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அழுத்தினாரோ இல்லையோ, கூச்சம் தாளாமல் அவள் காலை உதற, அது நேராக அவர் மூக்கில் விழுந்தது. பொலபொலவென்று ரத்தம். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு அந்த மனுஷர் சிரித்த சிரிப்பு. தாரணி பிறந்து பேச்சுப் புரிகிற வயசு வந்த பிறகும், "உங்கொம்மா என்னைய மூஞ்சியில எட்டி உதைச்சவ, நீ சாட்சி, உள்ளதான இருந்த" என்பார். அந்தக் கால்தான் இது. இதே குதிகால். இதில் இப்போது இருபது முப்பது உயிர்கள் வாய் வைத்திருக்கின்றன, இது பேசாமல் கிடக்கிறது, வேறு யாருடையதோ போல, தன் சேலைக்குக் கீழே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான்போல. வசந்தாமணி சிரித்தாள். புதுப்பெண் சிரித்ததால்.

வேறு யாருடையதோ போல என்று நினைத்ததுதான் தாமதம், சரசக்கா நினைவுக்குள் வந்துவிட்டாள். வரக்கூடாது என்று காலையிலிருந்து கதவைச் சாத்தி வைத்திருந்தாள், ஒரு சொல் கிடைத்ததும் அக்கா உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டாள். கூடப் பிறந்த அக்கா, அதே சர்க்கரை. செருப்பில் எழும்பியிருந்த ஆணி ஒன்று குத்தி, குத்தியது தெரியாமலே தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடந்து, நாற்றம் வந்த பிறகுதான் காலைத் திருப்பிப் பார்த்தாள். முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் வசந்தாமணிதான் துணைக்கு இருந்தாள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மத்தியான வேளையில், அக்கா திடீரென்று கிளுகிளுவென்று சிரித்தாள். "மணி, காலைச் சொறிஞ்சு உடு. உள்ளங்காலு கூசுது. யாரோ கிச்சுக்கிச்சு மூட்டறாங்க." அக்கா கையை நீட்டிக் காட்டிய இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அந்தத் தட்டை இடத்துக்குமேல் காற்றில் கையை வைத்துச் சொறிவதுபோல அசைத்தாள். அக்காவுக்கு நிஜமாகவே சுகமாக இருந்ததோ, தங்கைக்காக அப்படிச் சொன்னாளோ, "ம்ம், போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். இல்லாத காலில் அவளுக்குக் கூச்சம் இருந்தது. இருக்கிற காலில் தனக்கு இல்லை. எது மேல்? இதென்ன கேள்வி. ஆனால் கேள்வி போகவில்லை, தொட்டிக்குள் மீன் சுற்றுவதுபோலத் தலைக்குள் சுற்றியது. எங்கே போகிறது இந்தக் கூச்சமெல்லாம், ஒருத்தியை விட்டுப் போனால் எங்கேயாவது போய்த்தானே இருக்க வேண்டும், வெட்டிப்போட்ட காலைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளுமா. சீ, இது என்ன நினைப்பு, நல்ல நாளும் அதுவுமாக. தாரணி போனைத் தூக்கிப் பிடித்துத் தங்கள் இருவர் கால்களையும் தண்ணீருக்குள் படம் எடுத்தாள். "அம்மா, உன் காலுல பாரு, எவ்வளவு மீனு! எனக்குப் பாதிகூட இல்ல. உன்னையத்தான் புடிச்சிருக்குது." அதுவும் சரிதான். மகள் காலைத் தூக்கிக்கொண்டே இருக்கிறாள். அசையாத கால் மீனுக்கு வசதி.

படம் என்றதும் இன்னொன்று முட்டிக்கொண்டு வந்தது, அதைத்தான் அவள் அக்காவைவிட அதிகமாகப் பயந்து ஒதுக்கிவைத்திருந்தாள். போன பங்குனியில் மாரியம்மன் கோயிலில் தீக்குண்டம் இறங்கியது. தாரணிக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தால் நெருப்பில் நடக்கிறேன் என்று நேர்ந்திருந்தாள். இடம் கிடைத்தது. மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, முன்னாலும் பின்னாலும் ஜனம். தனக்கு முன்னால் போன பெண் தணலில் கால் பட்டதும் தாயே என்று அலறிக்கொண்டு ஓடினாள். வசந்தாமணி ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியமே வரவில்லை. பூப்போல இருந்தது. தரையில் நடப்பதுபோல ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள்; சுற்றியிருந்தவர்கள் குலவையிட்டார்கள்; பூசாரியே விபூதியை அள்ளி நெற்றி நிறையப் பூசி, "அம்மன் தாங்கிட்டா தாயி உன்னைய" என்றார். தாரணி அதைப் போனில் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பினாள். எங்கம்மாவைப் பாருங்கள், நெருப்பில் நிதானமாக நடக்கிறாள் என்று. வசந்தாமணி அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதாள். புருஷன் போனபோது தன்னைக் கைவிட்டதாக நினைத்த தெய்வம் தாங்கியிருக்கிறது என்கிற அழுகை. மறுநாள் குளிக்கும்போது பாதத்தைத் தேய்த்தால் தோல் கையோடு வந்தது. கொப்புளம் உடைந்து சிவந்து கிடந்தது. கொப்புளம் வந்தால் மனசில் அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம் என்பார்கள். என்ன அழுக்கு? மகள் போகக்கூடாது என்று உள்ளுக்குள் ஒரு மூலையில் நினைத்ததா? அதுவாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்து, வீட்டுக்குள்ளேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்து, யாருக்கும் காட்டாமல் ஆற்றிக்கொண்டாள். நெருப்பு தெரியாமல் போனதும் கொப்புளம் வந்ததும் ஒன்றுக்கொன்று முரண் என்று அன்றைக்கே தெரியும். தெரிந்தும், அந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இத்தனை மாதம் ஓட்டினாள். இப்போது இந்தத் தொட்டிக்கு முன்னால், வேறு எங்கும் பார்க்க வழியில்லாமல், இரண்டும் பக்கத்தில் வந்து நின்றன. அம்மன் தாங்கவில்லை. அம்மன் அந்தப் பக்கமே வரவில்லை. செத்த காலோடு ஒருத்தி நெருப்பில் நடந்தாள், ஊர் குலவையிட்டது. அப்படி நினைக்காதே, வாய் வெந்துவிடும். ஆனால் நேர்ந்தது நடந்ததே, இடம் கிடைத்ததே, அது அம்மன் கொடுத்ததுதானே. அதற்குப் பதிலாக இதை எடுத்துக்கொண்டாளோ. எடுத்துக்கொள்ளட்டும். கால்தானே. கால்தானே என்று சொன்னதும் போர்வையின் தட்டை இடம் மறுபடி வந்தது.

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தாரணி பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். அழமாட்டாள், சண்டை போடமாட்டாள், அப்பா செத்த அன்றைக்குச் செய்ததுபோல வாயை இறுக்கிக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்வாள். போக மாட்டேன் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவாள். சொல்லாவிட்டால் போவாள். போன பிறகு அந்த வீட்டில், ஆணியோ கண்ணாடிச் சில்லோ, சமையலறையில் சிந்திய வெந்நீரோ, யார் வந்து சொல்வார்கள், ஏனுங்க, உங்க காலு வெந்திருக்குதுங்க என்று. பின்னாலிருந்து ஓடிவர அங்கே யாரும் இருக்கப்போவதில்லை. தினம் ராத்திரி கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்த்துக்கொண்டால் போதாதா. பார்த்துக்கொள்ளலாம். நாளையிலிருந்து பார்க்கலாம். போய்ச் சேர்ந்ததும் போனில் மெதுவாக, சாதாரணமாக, கொஞ்சம் மதமதன்னு இருக்குது என்று ஆரம்பிக்கலாம். அப்போது அவள் பாதி உலகம் தாண்டி இருப்பாள், திரும்பி வரமுடியாது. இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், கண் எங்கேயோ கூரையில் தொங்கிய காகிதப் பூக்களில் இருந்தது. அந்த நேரத்தில் தொட்டியின் மறுபக்கத்தில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர், தோட்டம் காட்டில் நடந்து கரும்பாறையாக வெடித்த குதிகால். பேரன் பேத்திகள் பிடித்துத் தள்ளியிருப்பார்கள்போல, "அட உடுங்கடா" என்று வெட்கப்பட்டுக்கொண்டே அவர் காலை உள்ளே வைத்தார். அவ்வளவுதான், தொட்டியில் இருந்த மீன் அத்தனையும் மற்றக் கால்களை விட்டுவிட்டு அவர் பக்கம் பாய்ந்தது. அவர், "ஆத்தாடி, புடுங்கித் திங்குதுகளே!" என்று கத்த, எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டதும் வசந்தாமணியும் பழக்கத்தில் தோளைக் குலுக்கி, முட்டியைச் சேர்த்து, "ஸ்ஸ்... போதும் கண்ணு, ரொம்பக் கூசுது" என்றாள்.

தாரணி சிரிக்கவில்லை. வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். தாரணி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணியும் குனிந்து பார்த்தாள். தெளிந்த தண்ணீருக்குள் அவளுடைய இரண்டு கால்களும் தனியாக நின்றன. ஒரு மீன் இல்லை.

"எது கூசுது?" என்றாள் தாரணி.

"இப்பத்தான் போச்சு, இத்தனை நேரம்..."

"அம்மா."

தாரணி தன் காலை வெளியே எடுத்தாள், துடைக்காமலே எழுந்து வந்து, ஈரத் தரையில் மண்டியிட்டு, அம்மாவின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். புது ஜீன்ஸ் நனைந்தது. நீலச் சட்டைப் பெண் துண்டோடு ஓடிவந்து, "என்னாச்சு ஆண்ட்டி?" என்றாள். தாரணி துண்டை வாங்கிக் காலை ஒற்றினாள், விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள், பாதத்தைத் திருப்பினாள். பெருவிரலுக்குக் கீழே, சதைப்பிடிப்பில், ஒரு சின்னச் சிவந்த புள்ளி. அதன் நடுவில் வெள்ளையாக எதுவோ துருத்திக்கொண்டிருந்தது. நகத்தால் பிடித்து இழுத்தாள். துணிகளில் விலைச்சீட்டு மாட்டுகிற பிளாஸ்டிக் ஊசியின் உடைந்த துண்டு, கம்பெனித் தரையெல்லாம் கொட்டிக் கிடக்குமே, அது. இழுக்க இழுக்க வந்தது. ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. சீழ் இல்லை. தாரணி அதை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது எத்தன நாளா இருக்குது?"

"தெரியல கண்ணு."

"நான் இப்பப் புடுங்குனது தெரிஞ்சுதா?"

வசந்தாமணி அந்த உள்ளங்கையில் கிடந்த துண்டையே பார்த்தாள்.

"பெரியம்மாவுக்கும் இப்பிடித்தான ஆரம்பிச்சுது?"

"அக்காளுக்கு ஆணி. இது பிளாஸ்டிக்கு."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பைத்தியக்காரத்தனமான பதில் என்று உறைத்தது. தாரணிக்கு முகம் கோணிக்கொண்டு வந்தது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை, இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். "சுகர் நார்மலுன்னியே. மாசா மாசம் சொன்னியே. பெருமூச்சு உட்டுட்டு அந்தப் பக்கம் போயி நிம்மதியாத் தூங்குனேனே" என்றாள். சத்தமே போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"நீ தூங்கோணும்னுதான் சொன்னேன்."

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரி. நான் போறதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்."

"அதயும் இப்பவே பேசிரலாம்" என்றாள் வசந்தாமணி. குரல் இவ்வளவு திடமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. "ஆஸ்பத்திரிக்கு வாரேன். என்ன மாத்திரை, என்ன ஊசி குடுத்தாலும் போட்டுக்கறேன். தெனமும் காலைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பறேன், ரெண்டு பாதமும். வேலைக்கு மூடுன செருப்புப் போட்டுக்கறேன். ஆனா நீ போற. நீ போகலீன்னா நான் இந்தப் பொய்யச் சொன்னதுக்கு ஒரு அர்த்தமும் இல்லாமப் போயிரும்."

தாரணி தலையை ஆட்டவில்லை. ரத்தச் சொட்டைத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பெரியவர் இன்னும் "ஏய், ஏய்" என்று மீன்களை அதட்டிக்கொண்டிருந்தார். பிறகு அவள் நிமிர்ந்து, "கண்ண மூடு" என்றாள்.

"எதுக்கு?"

"மூடும்மா."

வசந்தாமணி மூடினாள். இருட்டானதும் கால் முழுவதுமாக மறைந்தது. உடம்பு முட்டியோடு நின்று, அதற்குக் கீழே வெறும் யூகமாக இருந்தது.

"இப்ப தொடறேன். தெரியுதா?"

தெரியுது என்ற சொல் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவு பழக்கம். பெருவிரல் என்று சொன்னால் ஒருவேளை சரியாகக்கூட இருக்கும், துணியைத் தடவாமலே பொத்தல் இருக்கும் இடத்தைச் சொல்கிறவள் அவள். மகளுடைய மூச்சு முட்டியில் பட்டது. அந்த மூச்சு காத்திருந்தது.

"தெரியல" என்றாள்.

"இங்க?"

"தெரியல."

"இங்க?"

"இல்ல கண்ணு."

ஒவ்வொரு தெரியலைக்கும் நெஞ்சுக்குள் எதுவோ இடிந்து விழும் என்று எதிர்பார்த்தாள். விழவில்லை. பாரத்தைத் தலையிலிருந்து இறக்கும்போது கழுத்து வலிக்குமே, அந்த வலிதான் இருந்தது.

"இங்க?"

"என்னவோ... பஞ்சுக்கு அந்தப் பக்கமிருந்து தொடற மாதிரி."

"இங்க?"

தெரிந்தது. சின்னதாக, வட்டமாக, ஈரமாக. நகம் வெட்டாத விரல் நுனி.

"இது உன் வெரலு" என்றாள் வசந்தாமணி. "இங்க தெரியுது."

கண்ணைத் திறந்து பார்த்தாள். பாதத்தோடு போயிற்று, மிஞ்சினால் கணுக்கால் வரைக்கும் என்றுதான் இத்தனை நாளும் கணக்குப் போட்டிருந்தாள். தாரணியின் விரல் நின்ற இடம் அதைவிட வெகு மேலே, முட்டிக்குச் சற்றுக் கீழே இருந்தது. தாரணியும் அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எடுக்காமல் இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் காலையும் குடும்மா" என்றாள்.

வசந்தாமணி கொடுத்தாள்.